கத்தரிப்பூ நிறக் கோட்டுகள்

"அந்தப் புது டீச்சர் வாயே தொறக்க மாட்டேங்குது. அதுகிட்டயே பெட்டிச் சாவியைக் குடுத்துருங்க. வேண்டாம்னு சொல்றதுக்கே அதுக்கு ஒரு வருசம் ஆகும்."

ஆசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியே, பானையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது இது என் காதில் விழுந்தது. சொன்னது யார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தம்ளரை ஓசைப்படாமல் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். மத்தியானம் ஹெச்.எம். சார் கூப்பிட்டனுப்பி ஒரு தகரப் பெட்டியின் சாவியை என் கையில் வைத்தார். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்கள் சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள். வருஷம் முடியப் போகிறது, நான் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பி.ஏ.யில் சரித்திரம் படித்தவள் நான். எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தத்தான் வந்தேன். வந்த இடத்தில் பேண்டு செட்டின் உடுப்புகளுக்குப் பொறுப்பாளி ஆனேன். பேண்டில் அடிப்பதற்குக் கஷ்டம் டிரம் என்பார்கள், ஊதுவதற்குக் கஷ்டம் குழல் என்பார்கள். இரண்டையும் பழக்கிவிடலாம். பழக்க முடியாதது கோட்டு. எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைப் போலப் பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அலைகிற டீச்சர் இருந்தால், அவருக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

இதில் வருகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. ஹெச்.எம். சார் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர்; தினம் பஸ்ஸில் வந்து போகிறவர்; கதர் ஜிப்பாவில் ஒரு கசங்கல் பார்க்க முடியாது. பேண்டு பழக்குகிறவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மலையாளி. மலையாளத்தில் மாஷ் என்றால் வாத்தியார்; அவரைப் பிள்ளைகள் பட்டாள மாஷ் என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அப்புறம் மரகதம். பத்தாம் வகுப்பு, பெரிய டிரம் அவளுடையது. மெலிந்த பெண்தான், ஆனால் அவள் அடித்தால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கழுதைகூட இடதுகாலை முதலில் வைக்கும். பரீட்சை முடிந்தால் படிப்பு முடிந்தது என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் பாலக்காட்டில் ஜில்லாப் போட்டிக்கு ஒரு தடவை போய் டிரம் அடித்துவிட வேண்டும். அந்த வருஷம் அவள் யாரிடமும் வேறு எதுவும் கேட்கவில்லை.

எந்தக் கட்சி?

கோட்டு எடுத்துத் தருவதாகச் சொன்னவர் பள்ளியின் மேனேஜர். என்ன நிறம் என்பதை மட்டும் பெற்றோரைக் கூட்டி முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். நாங்கள் கேரளத்தின் விளிம்பில் இருக்கிறோம். இரண்டு ராஜ்யத்துக் கட்சிகளுக்கும் எங்கள் ஊரில் ஆள் உண்டு. சிவப்பு என்றதும் ஒரு பக்கம் கைதட்டினார்கள், எதிர்ப்பக்கம் எழுந்து நின்றார்கள். கறுப்பும் சிவப்பும் கலந்து என்றதும் கைதட்டியவர்களும் எழுந்தார்கள். பச்சைக்கு ஒரு கட்சி இருந்தது, காவிக்கு ஒன்று இருந்தது. வெள்ளை போட்டால் கம்பவுண்டர் மாதிரி இருக்கும். பட்டாள மாஷ் ஆசையாகக் காக்கி என்றார். அதற்குப் பனையேறுகிறவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரோட்டில் காக்கி தெரிந்தாலே கள்ளுப் பிடிக்க வரும் எக்சைஸ்காரர்கள் என்று பாதி மரத்தில் இறங்கிவிடுகிறோம், தினம் சாயங்காலம் பிராக்டிஸ் என்றால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

கடைசியில், எந்தக் கட்சியும் இதுவரை கை வைக்காத நிறம் என்று தேடித் தேடிக் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நின்றோம். அது யாருக்கும் பிடிக்கவில்லை. அதனால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கொழிஞ்சாம்பாறை டெய்லர் தோளில் சரிகைப் பட்டையும் பித்தளைப் பொத்தானும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். முதல் நாள் சந்தைப் பக்கமாக ஊர்வலம் போனோம். மரகதம் டிரம்மை அடித்துக்கொண்டு முன்னால் போனாள். கடலைக்காய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இறங்கி வந்து, கொஞ்ச தூரம் எங்களோடு கூடவே நடந்து பார்த்துவிட்டு, துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"இது புதுக் கட்சிங்களா டீச்சர்? டிரம்முதான் சின்னமுங்களா?"

மஞ்சள்

அந்த முதல் ஊர்வலத்துக்கு முந்தின நாள்தான் உடுப்பை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன். கோட்டோடு பையன்களுக்கு வெள்ளைக் கால்சட்டை, பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பாவாடை. இஸ்திரி போட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் புதுத்துணிக்கு ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்த மாட்டார்கள். எனக்கும் தெரியாததில்லை, என் புடவைகளிலும் அந்தப் பொட்டு இருக்கிறது. ஆனால் உடுப்பும் துணிதான் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. காலையில் பார்த்தால் எல்லா வெள்ளையிலும் மஞ்சள். ஒருவனுக்கு முழங்காலில், ஒருத்திக்கு இடுப்பில், ஒருவனுக்குக் கணுக்காலில். ஒரு தாய்க்குப் பிள்ளைமேல் பாசம் அதிகம். கை கொள்ளும் அளவுக்குக் குழைத்து உட்காரும் இடத்தில் வைத்திருந்தார்.

நான் அவசரப்பட்டு எல்லாவற்றையும் வாங்கித் தண்ணீர்த் தொட்டியடியில் போட்டுச் சவுக்காரம் தேய்த்தேன். மஞ்சள்மேல் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்; அந்த நிமிஷத்தில் மட்டும் தெரியவில்லை. எல்லாம் ரத்தச் சிவப்பு. அந்த வழியாகப் புல்லுக்கட்டோடு போன ஒருத்தி அதைப் பார்த்திருக்கிறாள். பட்டாளத்து வாத்தியார் பிள்ளைகளை அடித்து நொறுக்கிவிட்டார், டீச்சர் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறது என்று ஊருக்குள் சேதி போய்விட்டது. அலசி வெயிலில் போட்டதும் சிவப்பு போய் மறுபடியும் மங்கலான மஞ்சள் வந்தது. அதற்குள் பள்ளிக்கூடத்து வாசலில் பாதி ஊர் நின்றது. அவர்களைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு ஹெச்.எம். சார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு கறையாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் கோபப்படுவார் என்று நான் தூண் மறைவில் நின்றேன். அவர் வருத்தம் வேறாக இருந்தது.

"வெச்சது வெச்சா. எல்லாருமாச் சேர்ந்து ஒரே எடத்தில வெச்சிருக்கப்படாதோ?"

தொப்பியும் வெண்டைக்காயும்

மார்கழியும் தையும் வந்தால் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கிளம்புகிற காற்று பாலக்காட்டுக்குப் போகும் வழியில் எங்கள் மைதானத்தில்தான் கொஞ்சம் விளையாடிவிட்டுப் போகும். டெய்லர் காலத்துக்கு ஏற்றபடி என்று யாரையும் கேட்காமல் கால்சட்டைகளைப் பெல்பாட்டமாகத் தைத்திருந்தார். ஆகவே எங்கள் பையன்கள் கீழே கப்பல் பாயும் மேலே தொப்பியுமாக நடந்தார்கள். தொப்பிகள் எல்லாம் ஒரே அளவு, தலைகள் அப்படி இல்லை. சின்னத் தலைகளுக்கு உள்ளே காகிதத்தைச் சுருட்டி வைத்திருந்தேன். காற்று முதலில் தொப்பியைக் கொண்டுபோகும், பின்னாலேயே காகிதத்தையும் கொண்டுபோகும்.

தொப்பி போனாலும் வரிசையை விட்டு யாரும் அசையக் கூடாது என்பது பட்டாள மாஷின் சட்டம். அதனால் ஒவ்வொரு தொப்பியாகப் பறந்து வேலி தாண்டிக் காட்டுக்குள் போகப் போக, பிள்ளைகள் நேரே பார்த்தபடி ஊதிக்கொண்டே இருப்பார்கள். மணி அடித்த பிறகு நான் வரப்பு வரப்பாக நடந்து பொறுக்குவேன். ஒரு நாள் எவ்வளவு தேடியும் ஒரு தொப்பி கிடைக்கவில்லை. மறுநாள் பக்கத்துத் தோட்டத்து அம்மாள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தொப்பி நிறைய என்னவோ இருந்தது. வாங்க நான் கூச்சப்பட்டதைப் பார்த்து அவரே விளக்கம் சொன்னார்.

"ஒருத்தரு பாண்டத்தை வெறுசாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுங்களே டீச்சர். வெண்டைக்கா போட்டிருக்கறேன். சொணை அரிக்கும், ஒதறிப்போட்டுத் தலைல வெக்கச் சொல்லுங்க."

உட்காரக் கூடாது

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் தாலூகாப் போட்டி. உடுப்பைப் பெட்டியில் கொண்டுபோய் அங்கே மாற்றலாம் என்று நான் நினைத்திருந்தேன், சொல்லவில்லை. ஹெச்.எம். சார் இங்கேயே உடுத்திப் புறப்படச் சொல்லிவிட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்க யாரும் பஸ்ஸில் உட்காரக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. சொன்னவர் மட்டும் உட்காருவது முறையல்ல என்று அவரும் நின்றார். அவர் நின்றால் நான் எப்படி உட்காருவேன்? பட்டாள மாஷ் அட்டென்ஷனில் நின்றார். டிரம்முக்கு மட்டும் ஒரு சீட்டு கிடைத்தது. மரகதம் அதன் பக்கத்தில் நின்று, பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். வழியில் ஏறியவர்கள் எங்களைப் பார்த்தார்கள், காலி சீட்டுகளைப் பார்த்தார்கள், பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கோழிக்கூடையோடு ஏறின ஒரு அம்மாள் செருப்பைக்கூடக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹெச்.எம். சாரிடம் வந்தார்.

"சித்தெ நீங்களாச்சும் உக்காருங்க சார். சீட்டுல ஏதோ சாமி இருக்குதாட்டம்னு நெனச்சுட்டு ஏறுன சனமெல்லாம் நின்னுக்கிட்டே வருது."

சித்தூரில் ஜெயித்தோம். குழல்கள் நடுவில் ஒரு இடத்தில் சிதறின. மரகதத்தின் டிரம் அவற்றை இழுத்து வரிசையில் போட்டது. ஜில்லாப் போட்டிக்குப் போகலாம் என்று அறிவித்தபோது அவள் டிரம்மைக் கீழே வைக்கவே இல்லை. திரும்பும்போது உட்காரலாம் என்று உத்தரவானது. அப்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது.

தோல்

மரகதத்தின் கோட்டு மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் வெளுக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மற்றவர்களுடையது கத்தரிப்பூவாகவே இருக்க, அவளுடையது வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கேட்டுவிட்டேன். வியர்வைக் கோட்டைத் துவைத்து வர நான் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன்; இவள் தினம் துவைக்கிறாள். டிரம்மில் மாட்டுத்தோல் இருக்கிறது. தோலைத் தொட்டு அடித்த பெண், குளிக்காமல் வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது அவள் அம்மாவின் கட்டளை. டிரம் உராய்ந்த கோட்டும் அப்படியே. கோட்டு வீட்டுக்குள் வரவே கூடாது.

அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். கெட்டவர் இல்லை. பெண் பிள்ளை டிரம் அடிப்பதே ஆகாது என்று சொந்தபந்த உறம்பரைகள் சொன்னதை எல்லாம் தாங்கிக்கொண்டு, பாலக்காட்டுப் போட்டி வரைக்கும் போகட்டும் என்று விட்டவர் அவர்தான். குளியல் அதற்கு அவர் விதித்த விலை. மார்கழிப் பனியில் சாயங்காலம் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கோட்டைத் துவைத்து, கஞ்சியும் போட்டு, மாடு கட்டும் கட்டுத்தரைக் கயிற்றில் காயப் போட்டுவிட்டுத்தான் இந்தப் பெண் உள்ளே போகிறாள். சளி பிடிக்காதா, அம்மாவிடம் நான் வந்து பேசட்டுமா என்று கேட்டேன். பேசமாட்டேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சிரித்தாள்.

"அப்பாவோட செருப்பும் தோலுதானுங்க டீச்சர். அது வாசப்படி வரைக்கும் போகுது. நான் கெணத்தடியோட நின்னுக்கறேன், வேற ஒண்ணுமில்லீங்க."

கன்றுக்குட்டி

ஜில்லாப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மரகதத்தின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒரு கையில் கோட்டு, இன்னொரு கையில் கயிறு, கயிற்றின் முனையில் ஒரு கன்றுக்குட்டி. கோட்டை ஹெச்.எம். சாரின் மேஜைமேல் விரித்தார். வலது கை இருந்த இடத்தில் தோள் தையலோடு சில நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. சோற்றுக் கஞ்சியில் உப்பு இருக்கும் அல்லவா? கன்று ராத்திரி எட்டிப் பிடித்து நக்கியிருக்கிறது, நக்கியது சப்பியிருக்கிறது, சப்பியது மென்றிருக்கிறது. பொத்தானை மட்டும் துப்பிவிட்டது. அதை அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

கன்றை எதற்குக் கூட்டி வந்தீர்கள் என்று ஹெச்.எம். சார் கேட்டார். தான் சொன்னால் நம்பமாட்டார்களோ என்றுதான் என்றார் அம்மா. கன்று சாட்சி சொல்வதுபோல மேஜைத் துணியின் நுனியை வாயில் வாங்கியது. மரகதம் வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை. ஹெச்.எம். சார் மேஜைத் துணியை மெல்ல இழுத்துக்கொண்டே, கோட்டை வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"தோலு பட்ட துணி, தீட்டுன்னு வெளிய போட்டனுங்க சாமி. அது கன்னுக்குட்டிக்குத் தெரியலீங்க."

ஒரு கை

ஜில்லாப் போட்டியில் வாசிப்புக்குப் பாதி மார்க், உடுப்புக்கும் நடைக்கும் பாதி. துவைத்து வெளுத்ததை மன்னிப்பார்கள்; ஒருவர் உடுப்பு மற்றவர்களுடையதிலிருந்து மாறினால் அந்தப் பாதி போயிற்று. இதைப் பட்டாள மாஷ் விதிகளிலிருந்து படித்துக் காட்டியபோது மரகதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டெய்லர் பொள்ளாச்சி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கத்தரிப்பூ எந்தக் கடையிலும் இல்லை. யாருக்கும் பிடிக்காத நிறத்தை யார் இரண்டாம் தடவை வாங்கி வைப்பார்கள்? கிட்டத்தட்ட அதே நிறம் என்று ஒரு துணி கொண்டுவந்து கை வைத்துக் கொடுத்தார். வெளுத்த கோட்டில் அந்தக் கை மட்டும் பளபளவென்று, மற்ற உடம்பை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல இருந்தது. பிரித்துவிட்டோம். வேறு ஒரு பிள்ளையின் கோட்டை வாங்கி மரகதத்துக்குக் கொடுத்து, அந்தப் பிள்ளையை நிறுத்திவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். சொன்னது பிள்ளைகளுக்கு எட்டிவிட்டது. மறுநாள் முதல் எல்லோரும் கோட்டைக் கழற்றாமலே கணக்குப் பாடத்துக்கும் உட்கார்ந்தார்கள்; வியர்த்து ஊற்றியும் கழற்றவில்லை. ஜட்ஜுகள் எப்போதும் வலப்பக்கம் உட்காருகிறார்கள், நாம் மட்டும் மைதானத்தை எதிர்த்திசையில் சுற்றினால் மரகதத்தின் இடது கைதானே தெரியும் என்றார் பட்டாள மாஷ். ஹெச்.எம். சார் கண்ணை மூடி யோசித்துவிட்டு, அப்படியானால் மற்ற பள்ளிக்கூடத்துக்காரர்கள் எல்லாம் நமக்கு எதிரே வருவார்களே என்றார்.

முடிவாக டிரம் சோமுவுக்குப் போயிற்று. ஒன்பதாம் வகுப்பு, குழல் ஊதுகிறவன். நல்ல உடம்பு, முழுக் கோட்டு. மரகதம் கூட வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஹெச்.எம். சார் சொன்னார். சரிங்க சார் என்றாள். அவளே சோமுவுக்கு டிரம்மின் வாரை மாட்டிவிட்டு, எந்த இடத்தில் ஓங்க வேண்டும் என்றும் காட்டிக்கொடுத்தாள். சோமு பலமாகத்தான் அடித்தான். ஆனால் அவனுக்குத் தோன்றியபோது அடித்தான். பிராக்டிஸ் முடிந்து மைதானத்தின் நான்கு மூலையிலிருந்தும் பிள்ளைகள் திரும்பி வந்துகொண்டிருந்தபோது பட்டாள மாஷ் என் பக்கத்தில் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"அவன் அடிக்கிறது அவனுக்கு மார்ச்சாக்கும் டீச்சரே. மத்தவங்களுக்கு அது இடி."

பாலக்காடு

போட்டி நடந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு வராந்தாவை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். முன் வரிசை நாற்காலியில் மேனேஜர் வந்து உட்கார்ந்திருந்தார். தான் எடுத்துக் கொடுத்த கோட்டுகளைப் பார்க்கச் சொந்தக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார். உடுப்புகள் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்று ஹெச்.எம். சார் உத்தரவு, அதனால் மரகதத்தின் ஒற்றைக்கைக் கோட்டும் வெள்ளைப் பாவாடையும் தொப்பியும் என் பெட்டியில் வந்திருந்தன. அவள் சாதாரணப் பாவாடை தாவணியில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவும் துணைக்கு வந்திருந்தார். பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறைக்கு முன்னால் ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் பட்டாள மாஷ். சோமு அடித்தான். குழல்கள் ஒரு பக்கம் போயின, சிறிய டிரம்கள் இன்னொரு பக்கம் போயின. சிம்பல் வைத்திருந்த பெண் யாரோடு போவது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். சோமு நல்ல பையன். டிரம்மை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, எனக்கு இது வரலீங்க சார் என்று அழ ஆரம்பித்தான். சுவரோரத்தில் மரகதத்தின் விரல்கள் தரையில் சரியான தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. அவள் அதை அறிந்து செய்ததாகத் தெரியவில்லை. ஹெச்.எம். சார் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அவளே அடிக்கட்டும், சார்," என்றேன். அவர் கேட்காமல் நானாக அவரிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. யாருடைய குரலோ மாதிரி வெளியே வந்தது.

ஹெச்.எம். சார் மரகதத்தின் விரல்களை இன்னொரு தடவை பார்த்தார். பட்டாள மாஷின் பக்கம் திரும்பினார்.

"உடுப்பு இன்ன மாதிரி இருக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கோ மாஷே? இல்லை, எல்லாரும் ஒண்ணு போல இருந்தாப் போருமா?"

"ஒண்ணு போல இருந்தாப் போரும் சார். ரூல் அத்தனைதான்."

ஹெச்.எம். சார் முன் வரிசை நாற்காலிகளை ஒரு தடவை பார்த்தார். ஜிப்பாக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார். என் தையல் பெட்டியில் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார். அழுதுகொண்டிருந்த சோமுவைப் பக்கத்தில் அழைத்து, கையை நீட்டச் சொல்லி, அவன் கோட்டின் வலது கையைத் தோள் தையலோடு வெட்டி எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.